அரசு சேவை ஒப்பந்தங்களில் விலைச் சரிக்கட்டல்: தென் சென்னைப் புறநகர் வரலாறு

குப்பை அள்ளுதல், தெருவிளக்குப் பராமரிப்பு, காவல் பணி, குடிநீர் லாரி போன்ற சேவைகளை அரசு அமைப்புகள் ஒப்பந்ததாரர்கள் மூலம் பெறுகின்றன. ஒப்பந்தக் காலத்தில் வேலையின் அளவோ, கூலியோ, வரியோ மாறும்போது தொகையைத் திருத்தி அமைப்பது விலைச் சரிக்கட்டல் எனப்படும். யார் எவ்வளவு ஏற்பது என்பதில் எழும் பிணக்குகள் அரசு ஒப்பந்த வழக்குகளாகவும் மாறுகின்றன. தென் சென்னையிலும் தாம்பரம் வரையிலான புறநகர்களிலும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சேவைகள் தனியார் கைக்கு மாறிய வரலாறு, இச்சிக்கல் எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டுகிறது.

சட்டப் பின்னணி

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே இதற்கு அடிப்படை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது அதன் 70ஆம் பிரிவு. அதே வேளையில், அரசின் ஒப்பந்தங்கள் உரிய அதிகாரியால் எழுத்து வடிவில் செய்யப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 299ஆம் உறுப்பு வலியுறுத்துகிறது. ஓர் அதிகாரி வாய்மொழியாகக் கூடுதல் வேலை சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் இடையில் எழுந்தது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. உரிய அதிகாரமில்லாத அதிகாரிகளின் சொல்லை நம்பி 1944இல் அந்நிறுவனம் கட்டுமான வேலைகளைச் செய்திருந்தது. ஒப்பந்தம் செல்லாது என்றாலும், அரசு பயனை ஏற்றுக்கொண்டதால் 70ஆம் பிரிவின்படி பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

எடையிலிருந்து செயல்திறனுக்கு

2000ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் துப்புரவுப் பணியைப் பிரெஞ்சு நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அள்ளிய குப்பையின் எடைக்கு, டன் கணக்கில் பணம் தரப்பட்டது. இம்முறையில் அளவிடுவது எளிது. ஆனால் குப்பை குறைந்தால் ஒப்பந்ததாரருக்கு நட்டம். மட்கும் குப்பையைத் தெருவிலேயே பிரித்து உரமாக்கினால் வருமானம் போய்விடும். கட்டட இடிபாடு எடையில் சேருமா என்பது போன்ற கேள்விகளுக்கும் அதில் இடமிருந்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா நிறுவனமும், 2012இல் ராம்கி நிறுவனமும் இப்பணிக்கு வந்தன.

இதற்கிடையே 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு மாநகராட்சியின் பரப்பு 174இலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகியவை மண்டலங்களாயின. 2020இல் உர்பேசர்-சுமீத் நிறுவனம் இம்மூன்றும் அடையாறும் உட்பட ஏழு மண்டலங்களின் பணியை ஏற்றது. இம்முறை எடைக்குப் பதிலாகச் செயல்திறன் குறியீடுகள் ஊதியத்தின் அடிப்படையாயின. பிணக்கின் இடமும் அதனோடு மாறியது. எடைமேடைச் சீட்டு இருந்த இடத்தில் இப்போது வீடு வீடாகச் சேகரிப்பு நடந்ததா, குப்பை தரம் பிரிக்கப்பட்டதா என்ற பதிவேடு முக்கியமானது.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. இத்தகைய இணைப்பில், பழைய அமைப்பு செய்த ஒப்பந்தம் புதிய அமைப்பைக் கட்டுப்படுத்துமா, எல்லை விரிந்தால் கட்டணமும் விரியுமா என்பவை முதலில் எழும் கேள்விகள்.

கணக்கிடும் முறை

சரிக்கட்டல் பிரிவு உள்ள ஒப்பந்தங்களில் செலவு கூறுகளாகப் பிரிக்கப்படும். எடுத்துக்காட்டாக, மாதம் 10 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தில் கூலி 70 விழுக்காடு, எரிபொருள் 20, மாறாப் பகுதி 10 எனக் கொள்வோம். கூலி 8 விழுக்காடும் எரிபொருள் 10 விழுக்காடும் உயர்ந்தால், உயர்வு 5.6 + 2 = 7.6 விழுக்காடு, அதாவது 76,000 ரூபாய். எந்தக் குறியீட்டெண், எந்த மாதம் அடிப்படை என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கே வழக்காகிறது.

வரி மாற்றமும் இப்படித்தான். அரசுக்கான கட்டுமான வகை ஒப்பந்தங்களில் சரக்கு மற்றும் சேவை வரி 18 ஜூலை 2022 முதல் 12இலிருந்து 18 விழுக்காடானது. பழைய விலையில் ஏற்கப்பட்ட வேலைகளில் அந்த 6 விழுக்காட்டை யார் சுமப்பது என்பதை ஒப்பந்தத்தின் வரிப் பிரிவே தீர்மானிக்கும்.

முக்கியத் தீர்ப்புகள்

கொச்சி கப்பல் கட்டும் தளத்துக்கு எதிராகச் சென்னையைச் சேர்ந்த தாராப்பூர் நிறுவனம் நடத்திய வழக்கில் (1984), இறக்குமதி இயந்திரங்களின் விலையேற்றத்துக்கான கோரிக்கையை நடுவர் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்திய உணவுக் கழகம் – ஏ.எம். அகமது நிறுவன வழக்கில் (2006), பணவீக்கக் காலத்தில் விலையேற்றம் இயல்பான விளைவே என்று கருதியது.

சாங்யாங் நிறுவனம் – தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வழக்கு (2019) இன்னும் நுட்பமானது. மொத்த விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1993-94இலிருந்து 2004-05க்கு மாறியபின், ஆணையம் 2013இல் ஒரு சுற்றறிக்கை மூலம் புதிய கணக்கு முறையைப் புகுத்தியது. ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தைத் திருத்தி மற்றவர் மேல் சுமத்துவது நீதியின் அடிப்படைக்கே மாறானது என்று கூறி, நிறுவனத்துக்குச் சாதகமான சிறுபான்மை நடுவரின் முடிவை நீதிமன்றம் நிலைநாட்டியது.

தீர்வு வழிகள்

முதல் படி எழுத்து. கூடுதல் வேலைக்கு முன்பே பணி ஆணை பெறுவதும், விலை மாறியவுடன் அறிவிப்பு அனுப்புவதும், ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்ற குறிப்புடன் பில்லைப் பெற்றுக்கொள்வதும் பின்னர் சான்றாகும். அடுத்தது, ஒப்பந்தத்தில் பிரிவு இருந்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவர் தீர்ப்பாயம். அரசே தனியாக நடுவரை நியமிக்கும் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என 2024 நவம்பரில் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பிணக்குகளில் நடுவர் முறையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்றும், சமரசத்தை நாடலாம் என்றும் வழிகாட்டியது.

பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி தருகிறது. பணம் 45 நாளுக்கு மேல் தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்டு வசதியாக்கக் குழுவை அணுகலாம். குழுவின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் 75 விழுக்காட்டுத் தொகையை முதலில் செலுத்த வேண்டும்.

தொழிலாளர் மீதான விளைவு

பிணக்கு நீளும்போது முதலில் பாதிக்கப்படுவது தூய்மைப் பணியாளரின் சம்பளம். குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தும் ஒப்பந்தத் தொகை உயராவிட்டால், அந்த இடைவெளி ஆள் குறைப்பாகவோ வைப்பு நிதி பாக்கியாகவோ மாறும். ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதித்தது இதனால்தான். விலைச் சரிக்கட்டல் பிரிவைத் தெளிவாக எழுதுவது ஒப்பந்ததாரருக்கான சலுகை மட்டுமன்று. தெருவில் வேலை செய்பவரின் கூலிக்கான காப்புமாகும்.