லாகூரிலிருந்து பூண்டுலோயா வரை: அன்டிவைரஸ் வந்த வழி

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயா டவுனில் கணினி வாங்குகிறவர்கள் இன்றும் தவறாமல் கேட்பது இதுதான்: "அண்ணே, அன்டிவைரஸ் ஒன்னு போடணுமா?" மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பார்கள். அதன்மேல் வருஷாவருஷம் இன்னொரு செலவு தேவையா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. அந்தச் சாமான் நம்மிடம் வந்து சேர்ந்த கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1986 ஜனவரி. லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் அல்வி என்ற சகோதரர்கள் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைக் களவாகக் கொப்பி எடுப்பவர்களுக்காக என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று பெயர் வாங்கிய 'பிரெய்ன்' அதுதான். 360 கிலோபைட் பிளொப்பியில் குடியேறி, பிளொப்பி கைமாறிய இடமெல்லாம் போனது. அதற்குள்ளேயே சகோதரர்களின் பெயர், கடை விலாசம், தொலைபேசி இலக்கம், தடுப்பு மருந்துக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற செய்தி எல்லாம் இருந்தன.

மருந்து விற்க வேறு ஆட்கள் வந்தார்கள். 1987இல் அமெரிக்காவில் ஜோன் மெக்கஃபி கம்பனி தொடங்கினார். 1991இல் சென்னையில் கே7 பிறந்தது. புனேயில் கல்குலேட்டர் திருத்தும் கடையிலிருந்து கிளம்பிய கைலாஷ் கட்கரும் தம்பி சஞ்சயும் குவிக் ஹீலைக் கொண்டுவந்தார்கள்.

நம்ம மலைக்கு அது சீடியில் ஏறி வந்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பெட்டிச் சீடி சிலரிடம் இருந்தது. மற்றவர்களிடம் இருந்தது கிராக் செய்த கொப்பி. எதுவாக இருந்தாலும் ஒரு பிழை இருந்தது. அந்தக் காலத்து அன்டிவைரஸ் பெரும்பாலும் தெரிந்த கள்ளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு சோதனை போடும். பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். இண்டர்நெட் இல்லாத லயன் வீட்டில் அது இன்ஸ்டோல் பண்ணிய நாளோடு நின்றுவிடும். திரையின் மூலையில் அடையாளம் மட்டும் இருக்கும், காவல் இருக்காது. போதாததற்கு, சில கிராக் பைல்களுக்குள்ளேயே வைரஸ் இருந்தது.

இண்டர்நெட் இல்லாத வீட்டுக்கு வைரஸ் வந்தது பென் டிரைவில். பாஸ்ட் பேப்பர், சிவி, கல்யாணப் போட்டோ என்று ஊர் முழுக்க வந்து பிரிண்ட் எடுக்கும் கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் ஒருமுறை செருகினால் போதும். வீட்டுக்கு வந்து திறந்தால், ஒவ்வொரு போல்டர் படத்தின் கீழ் மூலையிலும் சின்னதாக வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைக் கிளிக் பண்ணினால் போல்டர் வழமைபோலத் திறக்கும், ஆகவே சந்தேகம் வராது. அதே கிளிக்கில் வைரஸும் ஓடத் தொடங்கி, கணினியில் குடியேறிவிடும். பைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். 'அட்ரிப்' என்ற கட்டளையை ஒரு வரி அடித்தால் திரும்பிவிடும். அது தெரியாமல் "போர்மட் அடிச்சாத்தான் சரி தம்பி" என்ற பேச்சைக் கேட்டு, திருப்பி எடுக்க முடியாத குடும்பப் படங்களை இழந்த வீடுகள் உண்டு. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிறகு நிலைமை மாறியது. வைரஸ்களுக்கு இன்னொரு வாசலாக இருந்த, செருகியவுடன் பென் டிரைவிலிருந்து புரோகிராம் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7இல் மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அந்த அப்டேட் போனது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற அன்டிவைரஸ் உள்ளேயே இருந்தது, தனிக்காசு இல்லாமல். வெளியே கிடைத்த இலவசச் சாமான்களுக்கு விலை வேறு விதமாக இருந்தது. பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விபரத்தை விற்றதற்காக அவாஸ்ட் கம்பனி 16.5 மில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு சொன்னது.

நம் நாட்டுக்குப் பாடம் 2023 ஆகஸ்டில் கிடைத்தது. அரசாங்கத்தின் கிளவுட் சேவையை, பைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் தாக்கி, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள். அந்த மூன்று மாதத்துக்கும் பேக்கப் இல்லை.

ஆகவே என் முடிவு: வீட்டுக் கணினிக்கு அன்டிவைரஸ் வேண்டும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. விண்டோஸை அப்டேட்டோடு வைத்திருங்கள். டிஃபெண்டரை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். கிராக் எதையும் போடாதீர்கள். பழைய கணினி வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். பதிவு செய்து நீடித்தவர்களைத் தவிர, விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. போனில் யாராவது ஓடிபி கேட்டு, நீங்களும் சொல்லிவிட்டால், எந்த அன்டிவைரஸும் காப்பாற்றாது. அன்டிவைரஸுக்கு என்று எடுத்து வைத்த காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கொப்பி பண்ணி, கழற்றி அலுமாரியில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் செய்யுங்கள்.