வடிகாலின் மறுமுனை: வயிறா, இதயமா?

மூளையின் அறைகளில் ஊறும் நீர் வடியாமல் தேங்கினால் கைக்குழந்தையின் தலை பெருத்துவிடும். அந்த நீரை உடம்பில் வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடும் சிலிகோன் குழாய்தான் ஷன்ட். மேல்முனை மூளை அறைக்குள். இடையில் ஒருவழி வால்வு. கீழ்முனையை எங்கே விடுவது? முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு: வயிற்றறை, இதயத்தின் வலது மேலறை.

இயற்கைக்கு நெருக்கமானது இதயப் பாதை. நலமான உடலிலும் மூளைநீர் கடைசியில் இரத்தத்தில்தான் சேர்கிறது. அமெரிக்கத் தொழில்நுட்பர் ஜான் ஹோல்டர், தன் மகன் கேஸிக்காக 1956-இல் உருவாக்கிய வால்வும் இந்தப் பாதையில்தான் பரவியது. ஆனால் 1970-களில் வயிறு முந்திக்கொண்டது.

முதல் காரணம், குழந்தை வளர்கிறது. வயிற்றறைக்குள் குழாயைக் கூடுதல் நீளமாகவே விட்டு வைக்கலாம். பிள்ளை உயர உயர அது நீண்டு கொடுக்கும். இதயத்தில் அப்படி மிச்சம் வைக்க முடியாது. உடல் வளரும்போது குழாயின் நுனி மேலறையிலிருந்து சிரைக்கு ஏறிவிடும். அங்கே இரத்தம் உறைந்து அடைக்கும். நீளத்தைக் கூட்ட மறுபடியும் அறுவை.

இரண்டாவது, கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பது. வயிற்றில் நீர்க்கட்டி வரலாம், குடலிறக்கம் வரலாம், அரிதாகக் குழாய் குடலைத் துளைக்கலாம். இதயப் பாதையிலோ கிருமி நேரே இரத்தத்தில் கலக்கும்; உறைகட்டிகள் நுரையீரலுக்குப் போகும். நாள்பட்ட தொற்று சிறுநீரகத்தையும் கெடுக்கும்; ‘ஷன்ட் நெப்ரைட்டிஸ்’ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. மூளைப்பக்க முனை அடைபடுவது இரண்டுக்கும் பொது.

அப்படியானால் இதயப் பாதை எதற்கு? குறைமாதத்தில் பிறந்து குடல் அழுகல் நோய் கண்ட குழந்தைக்கும், பல அறுவைகளால் வயிற்றுக்குள் ஒட்டுத் திசு படிந்த குழந்தைக்கும் வயிறு நீரை உறிஞ்சாமல் போகலாம். நுரையீரலைச் சூழ்ந்த உறையும் ஒரு மாற்றிடம்தான். ஆனால் சிறு குழந்தைகளுக்கு அங்கே நீர் தேங்கி மூச்சுத் திணறும். அப்போது இதயம்தான் கைகொடுக்கும்.

ஆக, வளரும் குழந்தைக்கு வயிறே முதல் வழி. இதயம் மாற்று வழி. எந்த வழியானாலும் வாந்தி, அயர்வு, உச்சிக்குழிப் புடைப்பு தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயத்தில் குழாய் உள்ள பிள்ளைக்கோ, ஆண்டுகள் கடந்த பிறகும் சிறுநீர்ப் பரிசோதனையை விடக்கூடாது.