மதுரைச் சமவெளியில் ரிவால்வர்

குளிர்நாடுகளில் வெளியே எடுத்துச் செல்ல ரிவால்வர் வாங்குவோர், கையுறை அணிந்த விரல் நுழையும் விசைக்காப்பையும் உறைபனியில் இறுகாத எண்ணெயையும் முதலில் பார்ப்பார்கள். மதுரையில் சனவரி இரவுகூடப் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். இங்கே ஆயுதத்தின் முதற்பகை வியர்வை. அதிலுள்ள உப்பு, கருநீலப் பூச்சிட்ட எஃகையும் துருப்பிடிக்க வைக்கும். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்து அதற்குத் துணைபோகும். ஆகவே இடுப்பில் இருக்கும்போது உறை தேவை என்றாலும், வீட்டில் ரிவால்வரை உறையிலேயே விட்டுவைப்பது தவறு. வைகைக்கரைப் புழுதியில் எண்ணெயை மிகுதியாகப் பூசுவதும் தவறே. தூசு அதில் ஒட்டிச் சுழல் உருளையை இறுக்கும்.

துருவுக்கு அஞ்சினால் டைட்டானியக் கலவை போதாதா என்று கேட்கலாம். கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட .32 'நிர்பீக்' அத்தகையது. எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை 1,22,360 ரூபாய். ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். பயிற்சி குறைந்தவர் குறி தவறுவார். பழைய எஃகு ரிவால்வரை நாள்தோறும் துடைப்பவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பதே சரியான முடிவு. கொடைக்கானல் குளிருக்காகத் தனி மாற்றம் வேண்டும் என்ற வாதமும் நிற்காது. அங்கும் மெல்லிய எண்ணெய்ப்பூச்சே போதும். குழலைக் குறைப்பது போன்ற மாற்றங்களை உரிமமின்றிச் செய்ய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைவிதிக்கிறது.