வெள்ளீயமும் காரீயமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலைக்குப் பக்கத்தில் வல்லம் வடகால் என்று ஓர் ஊர். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த அந்தச் சீமையில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா. 2017-ல் ராயல் என்பீல்டு கம்பெனியார் அங்கே மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி, 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாமாம். சரித்திரத்தில் இதைவிடச் சிறிய ராஜதானிகள் உண்டு.

அங்கே தங்குவதற்கென்று வந்த பெண்கள் கைப்பேசி செய்கிறவர்கள். கைப்பேசியின் வயிற்றுக்குள் ஒரு தகடு இருக்கிறதே, அதன்மேல் கடுகிலும் சிறிய உறுப்புகள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது எது? ஈயப் பற்றுத்தான். நம் பாட்டிமார் வீட்டுச் செப்பு வெந்நீர் பாய்லரின் அடியில் குழாயைப் பிடித்து வைத்திருந்ததே, அந்தப் பற்றின் கொள்ளுப்பேரன் இது. இந்த வம்சத்தின் கதை கொஞ்சம் விசித்திரமானது.

தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். வெள்ளையாக இருப்பது வெள்ளீயம், கறுத்திருப்பது காரீயம். இரண்டு வெவ்வேறு தனிமங்களை நம் முன்னோர் அண்ணன் தம்பியாக்கிப் பெயர் வைத்துவிட்டார்கள். இது நம்மவர்களின் தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். ரோமாபுரியிலும் இதே சங்கதிதான். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், காரீயத்தைக் கறுப்புப் ‘ப்ளம்பம்’ என்றும், வெள்ளீயத்தை வெள்ளைப் ‘ப்ளம்பம்’ என்றும் எழுதி வைத்திருக்கிறார். குழாய் வேலை செய்பவரை இன்று ‘பிளம்பர்’ என்கிறோமே, அது இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அதே பிளினி, காரீயம் இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் கலந்து குழாய்களைப் பற்றவைத்தார்கள் என்றும் சொல்கிறார்.

ஏன் கலக்க வேண்டும்? காரீயம் உருக 327 டிகிரி சூடு வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரி. இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! இரண்டு பிடிவாதக்காரர்களைச் சம்பந்தி ஆக்கியதும் இருவருமே இளகிப்போன மாதிரி.

செம்புக் குழாய் இந்தப் பற்றைக்காட்டிலும் பழமையானதாக இருக்கலாம். எகிப்தில் அபுசிர் என்ற இடத்தில் சாகுரே மன்னனின் கோயிலைத் தோண்டிய போர்கார்ட் என்ற ஜெர்மானியர், கல்லில் வெட்டிய வாய்க்காலுக்குள் செப்புக் குழாய் பதித்திருப்பதைக் கண்டார். சுமார் 4500 ஆண்டுகளுக்கு முந்தியது. செப்புத் தகட்டைத் தட்டி வளைத்துச் செய்தது. நம் பக்கத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு இரும்பும், பிறகு பிளாஸ்டிக்கும்தான் அதிகம் வாய்த்தன. செம்பு குடத்திலும் தவலையிலும் பாய்லரிலும் தங்கிவிட்டது.

பாய்லர் என்றதும் காஞ்சிபுரத்தில் என் பாட்டி வீட்டுப் பாய்லர் ஞாபகம் வருகிறது. குழாய் பொருத்தியிருந்த மூட்டில் ஒரு நாள் ஒழுக ஆரம்பித்தது. மாமா கெட்டிக்காரர். கடையிலிருந்து ஈயக் குச்சி வாங்கி வந்து, ஒழுகும் இடத்தின் மேலேயே ஊதுவிளக்கைக் காட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று, ஈயம் அசையவில்லை. ஈயம் பூசுகிற பெரியவர் வந்து பார்த்தார். “உள்ளே தண்ணி இருக்குது சாமி. அது இருக்கிற வரைக்கும் ஈயம் இளகாது” என்றார். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாமல் கொதித்துக்கொண்டே சூட்டையெல்லாம் குடித்துவிடும். பற்றுக்கோ 183 டிகிரியாவது வேண்டும். வெறும் பாய்லரில் நெருப்பு மூட்டினால் குழாய் கழன்று விழுவதற்கும், ஈயச் சொம்பில் ரசம் கொதிக்கும்வரை சொம்பு பிழைத்திருப்பதற்கும் காரணம் இதே கணக்குத்தான்.

பெரியவர் பாய்லரைக் கவிழ்த்து ஒரு சொட்டு விடாமல் வடித்தார். பழைய பற்றின் மேல் புதிய ஈயம் வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை. சூடு காட்டிக் குழாயைக் கழற்றி, இரண்டு வாயையும் மணல்தாள் போட்டுப் புதுக் காசு நிறம் வரும்வரை தேய்த்தார். நவச்சாரம் தடவினார். பிறகு பொருத்தி, நெருப்பை ஒரு பக்கம் காட்டிக்கொண்டு ஈயக் குச்சியை எதிர்ப்பக்கம் வைத்தார். மூட்டின் சூட்டிலேயே உருகிய ஈயம், மயிரிழை இடுக்கில் தானாகச் சுற்றி ஓடிப் போயிற்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அந்தச் சக்திதான். ஆறும்வரை தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இந்தச் சம்பந்தத்தில் ஒரு விஷமும் இருந்தது. காரீயம் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ரோமானியச் சிற்பி விட்ருவியஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைச் சுட்டிக்காட்டி, மண் குழாய்த் தண்ணீரே நல்லது என்று எச்சரித்தார். கேட்டவர் யார்? குடிநீர்க் குழாய்ப் பற்றில் காரீயம் கூடாதென்று அமெரிக்கா சட்டம் செய்தது 1986-ல். ஹாங்காங்கில் 2015-ம் ஆண்டு, கை சிங் என்ற அரசாங்கக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது காரீயம் அளவுக்கு மீறி இருந்தது. விசாரித்ததில் 11 குடியிருப்புகளில் அதே கதை. குடிமக்கள் தெருவில் வந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார்கள். செப்புக் குழாய்களில் பழுதில்லை. மூட்டுகளில் காரீயம் கலந்த பற்றை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் காரீயத்துக்கு நம் நாட்டிலும் எல்லை.

மின்கருவிகளிலிருந்து காரீயத்தை விரட்டும் ஐரோப்பிய விதி அமலுக்கு வந்தது 2006 ஜூலை 1-ல். அதே 2006-ல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை கைப்பேசி செய்யத் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தது தனிக் கதை. இன்று அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளில் வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்ந்த பற்று. அது உருக 217 டிகிரி வேண்டும். காரீயச் சம்பந்தம் முறிந்ததற்குக் கொடுத்த விலை அந்த 34 டிகிரி.

குடிநீர்க் குழாய் மூட்டுக்கு 97 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு செம்பும் கலந்த கம்பி கிடைக்கிறது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே வேலை செய்ய வருகிறவர் தம் பையிலிருந்து எடுக்கும் கம்பி எது என்று கேட்டுவிடுவது நல்லது. காரீயம் மிகுந்த கம்பியைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில்போலக் கறுப்பாக எழுதும். சுத்த வெள்ளீயத்தைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்ல முனகும்.