2,000 தடவைக்கு மேல் மேற்கோள்... ஆனாலும் வாபஸ்! ஆய்வாளரின் ‘சைட்டேஷன்’ எண் எதைச் சொல்கிறது?

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் 2,000 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அப்படின்னா அதில் சொன்னது சரியாகத்தானே இருக்கும்? ஆனால், வெளியாகி 18 ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அல்சைமர் எனும் மறதி நோய் பற்றிய ஆய்வில் நடந்தது இது. விரிவாகப் பார்ப்போம்.

சைட்டேஷன் என்றால் என்ன?

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தனக்கு உதவிய முந்தைய கட்டுரைகளைக் கடைசியில் பட்டியல் போடுவார். அதில் உங்கள் கட்டுரை இருந்தால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன், அதாவது ஒரு மேற்கோள். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தளங்கள் இதைக் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு தளமும் சேர்த்துக்கொள்ளும் ஆய்விதழ்கள் வேறு. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று தளங்களில் மூன்று எண் வரலாம்.

எச்-இண்டெக்ஸ் கணக்கு எப்படி?

2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டுவந்த கணக்கு இது. ஒருவரின் 5 கட்டுரைகளுக்கு 40, 12, 6, 4, 1 என மேற்கோள் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருப்பதால், அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. இரண்டே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1,000 மேற்கோள் வாங்கியவருக்கு? வெறும் 2 தான்!

எண் பெரிதானால் என்ன அர்த்தம்?

நரம்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர், யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் கார்ல் ஃபிரிஸ்டன். மூளை ஸ்கேன் படங்களைப் புள்ளியியல் முறையில் அலசும் எஸ்.பி.எம். மென்பொருளை உருவாக்கியவர். அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் அவர் கட்டுரைகளைக் குறிப்பிடுவது வழக்கம். இங்கே பெரிய எண், ‘பலருக்கும் பயன்பட்டது’ என்று காட்டுகிறது.

அல்சைமர் கட்டுரையில் என்ன நடந்தது?

2006-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை அது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வான் லெஸ்னே, கேரன் ஆஷ் குழுவினர் எழுதியது. எலிகளின் ஞாபக சக்தி குறைய ஒரு குறிப்பிட்ட வகை அமிலாய்டு புரதம் காரணம் என்றது. வேறு சில ஆய்வாளர்கள் தேடியும் அந்தப் புரதம் கிடைக்கவில்லை. ஆனாலும் மேற்கோள் மட்டும் கூடிக்கொண்டே போனது.

கட்டுரையின் படங்களில் ஒட்டுவேலை நடந்ததுபோல் தெரிகிறது என்று நரம்பியல் மருத்துவர் மேத்யூ ஷ்ராக் சந்தேகம் எழுப்பினார். 2022 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழ் இதை விசாரித்து வெளியிட்டது. 2024 ஜூனில் கட்டுரை வாபஸ். படங்கள் திருத்தப்பட்டிருப்பதை ஆஷ் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆய்வின் முடிவு சரியே என்பது அவர் வாதம். வாபஸ் பெறுவதை லெஸ்னே ஏற்கவில்லை.

இதனால் அமிலாய்டு பற்றிய ஆய்வு மொத்தமும் பொய்யாகிவிடாது. அமிலாய்டைக் குறிவைக்கும் லெகனமாப் மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது. ஆனால் மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு, தப்பான வழியில் போகும் ஒவ்வொரு வருஷமும் இழப்புதான்.

அப்போ எதைப் பார்க்கணும்?

ஒரு கட்டுரையை மறுத்து எழுதினாலும் அது மேற்கோள்தான். தன் கட்டுரையைத் தானே குறிப்பிட்டாலும் மேற்கோள்தான். எத்தனை பேர் பேசினார்கள் என்பதைத்தான் எண் சொல்லும். சொன்னது உண்மையா என்பதைச் சொல்லாது. ஆய்வாளரை எண்ணால் மட்டும் எடைபோடக் கூடாது என்றுதான் 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ‘டோரா’ பிரகடனமும் வலியுறுத்துகிறது.

‘உலகின் டாப் 2% விஞ்ஞானி’ என்ற செய்தி வருஷா வருஷம் நம் கண்ணில் படுகிறது. அந்தப் பட்டியலுக்கும் அடிப்படை மேற்கோள் கணக்குதான். அடுத்த முறை அதைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அவர் கண்டுபிடித்தது என்ன? வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்ததா? கட்டுரை ஏதும் வாபஸ் ஆகியிருக்கிறதா?