எலும்புக்கூடு பறந்த தியேட்டர்கள்

ஒரு பேய்ப் படம். கதை சுமார்தான். பேயைப் பார்த்தால் பயம் வருவதற்குப் பதில் சிரிப்பு வருகிறது. ஆனாலும் படம் முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் 'காசு போச்சே' என்ற கவலை இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். இது எப்படி? விடை வேண்டுமென்றால் 1950களின் அமெரிக்காவுக்குப் போய், வில்லியம் காஸில் என்ற கில்லாடியைச் சந்திக்க வேண்டும்.

முதலில் அந்தக் காலத்து நிலவரம். 1946ல் அமெரிக்காவில் வாரத்துக்குச் சுமார் 9 கோடி டிக்கெட்டுகள் விற்றன. தியேட்டர் தொழிலின் பொற்காலம் அது. அதற்குப் பிறகு விழுந்தது இரட்டை அடி. 1948ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் சொந்த தியேட்டர்களைக் கைவிட வேண்டி வந்தது. இன்னொரு பக்கம் டெலிவிஷன். 1950ல் பத்து வீட்டுக்கு ஒன்றில்தான் பெட்டி இருந்தது. 1960ல் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வீடுகளில் வந்துவிட்டது. வீட்டு ஹாலில் இலவசமாகப் படம் ஓடும்போது யார் காசு கொடுத்து தியேட்டருக்கு வருவார்கள்? வாரக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. ஊர் ஊராகத் தியேட்டர்களை மூடினார்கள்.

பெரிய ஸ்டுடியோக்கள் சினிமாஸ்கோப், முப்பரிமாணம் என்று கோடிகளைக் கொட்டின. காஸிலிடம் கோடி இல்லை. 1914ல் நியூயார்க்கில் பிறந்தவர். நிஜப் பெயர் வில்லியம் ஷ்லாஸ். ஜெர்மன் மொழியில் 'ஷ்லாஸ்' என்றால் கோட்டை. அதையே ஆங்கிலமாக்கி 'காஸில்' என்று வைத்துக்கொண்டார். பல வருடங்களாகக் குறைந்த பட்ஜெட்டில் வேகவேகமாகப் படம் எடுத்துக் கொடுக்கும் இயக்குனராகவே அவர் இருந்தார். சொன்ன தேதிக்குள் முடித்துத் தருவார் என்ற நல்ல பெயர் உண்டு. அதைத் தாண்டி அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

தானே முதலாளியாகிப் பார்ப்போம் என்று வீட்டை அடமானம் வைத்து அவர் எடுத்த படம்தான் 1958ல் வந்த 'மக்காபர்'. ஒரு டாக்டரின் மகளை யாரோ உயிரோடு புதைத்துவிட்டார்கள், சில மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கதை. படத்தை முடித்துப் பார்த்தபோது அவருக்கே புரிந்துவிட்டது, இதற்குத் தானாகக் கூட்டம் வராது என்று. வீடோ அடமானத்தில் இருக்கிறது! அப்போது வந்ததுதான் அந்த யோசனை. லண்டனின் புகழ்பெற்ற லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தைக்குப் போனார். இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து யாராவது செத்தால் அவர் குடும்பத்துக்கு 1,000 டாலர் என்று ஒரு பாலிசி எடுத்தார். டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பத்திரம். தியேட்டர் வாசலில் சவ வண்டி, உள்ளே நர்ஸ். (ஏற்கனவே இதய நோய் இருப்பவர்களுக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் உண்டு. மனிதர் விவரமானவர்!)

யாரும் சாகவில்லை. ஆனால் வரிசை தெரு முனை வரை நின்றது. பயமுறுத்தும் அளவுக்குப் படத்தில் ஒன்றுமில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அது உண்மையும்கூட. ஆனால் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'நீ பிழைப்பியா, நான் பிழைப்பேனா' என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரத்தை எந்த விமர்சனத்தாலும் கெடுக்க முடியவில்லை. போட்ட பணம் பல மடங்காகத் திரும்பி வந்தது. வீடும் தப்பியது.

அடுத்து 1959ல் 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்'. வின்சென்ட் பிரைஸ் நடித்தது. பேய் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் 10,000 டாலர் என்று விருந்தாளிகளை அழைக்கும் பணக்காரர் வேடம் அவருக்கு. திரையில் ஒரு எலும்புக்கூடு எழுந்து வருகிற கட்டத்தில், திரைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கிளம்பி, கம்பியில் தொங்கியபடி ஜனங்களின் தலைக்கு மேல் பறந்து போகும். இதற்கு 'எமர்கோ' என்று ஒரு கம்பீரமான பெயர் வேறு! முதலில் கொஞ்சம் அலறினார்கள். விஷயம் பரவியதும் பையன்கள் பாப்கார்ன் டப்பாவும் உண்டிவில்லுமாகத் தயாராக வந்து அதைக் குறிபார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். பேய் இலக்காகிவிட்டது. அதற்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கினார்கள்.

அதே வருடம் 'தி டிங்லர்'. பயம் வந்தால் மனிதனின் முதுகெலும்பில் ஒரு ஜந்து வளரும், அலறினால்தான் அது அடங்கும் என்பது கதை. இதற்காகச் சில இருக்கைகளுக்கு அடியில் சிறு மோட்டார்களைப் பொருத்தினார் காஸில். கடைசிக் கட்டத்தில் ஜந்து தியேட்டருக்குள்ளேயே தப்பிவிட்டதாகத் திரை இருண்டுபோகும். 'அலறுங்கள், உயிர் பிழைக்க அலறுங்கள்' என்று பிரைஸின் குரல் கேட்கும். இருக்கை அதிரும். ஜந்துவை இழுக்கும் கயிறு சில காட்சிகளில் தெரியும் என்பது வேறு விஷயம். இருட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து அலறும்போது கயிறை யார் கவனிப்பார்கள்?

வணிகம் படிப்பவர்களுக்குப் பிடித்தமான கதை 1961ல் வந்த 'ஹோமிசைடல்'. படத்தின் உச்சகட்டத்துக்கு முன்னால் 45 விநாடி இடைவெளி. திரையில் கடிகாரம் ஓடும். பயந்தவர்கள் எழுந்து போய் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாமர்த்தியசாலிகள் சிலர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்கும் அப்படியே உட்கார்ந்திருந்து, இடைவெளி வந்ததும் எழுந்து போய்க் காசு கேட்டார்கள். காஸில் விடுவாரா? ஒவ்வொரு காட்சிக்கும் வேறு வேறு நிறத்தில் டிக்கெட் அடித்தார். அதோடு, பணம் வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்க மஞ்சள் கோட்டின் மேல் நடந்து 'கோழைகளின் மூலை'க்குப் போய், 'நான் ஒரு கோழை' என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தார். அந்த அவமானத்துக்குப் பயந்தே பெரும்பாலோர் உட்கார்ந்துவிட்டார்கள். பேய்க்குப் பயப்படாதவனும் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பயப்படுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவற்றில் எந்தப் படமும் பெரிய கலைப்படைப்பு இல்லை. காஸில் ஜனங்களை ஏமாற்றினாரா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. எலும்புக்கூடு பிளாஸ்டிக் என்று தெரிந்துதான் பையன்கள் வந்தார்கள். டெலிவிஷனால் ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டு வர முடிந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அலற முன்பின் தெரியாத முந்நூறு பேரைக் கொண்டு வர முடியவில்லை. காஸில் விற்ற சரக்கு அந்த முந்நூறு பேர்தான். படம் அவர்களைக் கூட்டி வருவதற்கான அழைப்பிதழ்.

ஆனால் அழைப்பிதழ் அச்சடிப்பவராக மட்டும் இருப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை. நல்ல இயக்குனர் என்று பெயர் எடுக்கும் ஆசை கடைசிவரை இருந்தது. ஐரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' நாவலின் உரிமையை வாங்கியது அதற்காகத்தான். பாரமவுண்ட் ஸ்டுடியோ சம்மதித்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: அவர் தயாரிப்பாளர் மட்டும், இயக்கம் ரோமன் போலன்ஸ்கி. 1968ல் படம் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. அதில் நடித்த ரூத் கார்டனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எலும்புக்கூடு இல்லை, மோட்டார் இல்லை, காப்பீடும் இல்லை. தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே சுருட்டோடு நிற்கிறாரே ஒருவர், அந்தச் சின்ன வேடத்தில் வருபவர்தான் காஸில். அவர் கூட்டி வந்த படத்தில் அவரே வெளியே நிற்பது போலிருக்கும்.

1977ல் அவர் இறந்தார். 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்' படத்தின் காப்புரிமையை யாரும் புதுப்பிக்காததால் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே காசில்லாமல் பார்க்கலாம். எலும்புக்கூடு எழுந்து வருகிற கட்டம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். காஸில் அந்தக் கட்டத்தின் மீதியைத் திரைக்கு வெளியே வைத்திருந்தார். பழைய படங்களைத் திரும்பத் திரையிடும் சில தியேட்டர்களில் இன்றைக்கும் அவ்வப்போது கம்பி கட்டி எலும்புக்கூட்டைப் பறக்கவிடுகிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் போலவே கீழேயிருந்து பாப்கார்னும் பறக்கிறது.