ஓட்டத்தைத் திருப்பியவர்கள்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தென்கிளை காவிரி என்ற பெயரோடே செல்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடப்பது திருவரங்கத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் வெள்ளத்தின் பெரும்பகுதி அப்பக்கமே பாய்ந்தது. காவிரியின் தலைப்பில் ஓட்டம் தளர்ந்தது. தளர்ந்த நீர் தான் சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்கிவைத்தது. ஆறு தூர்ந்துகொண்டே போக, தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார்.

ஓட்டம் தளர்ந்த இடம் தூர்ந்துபோகும். ஆற்றுக்குத் தீங்காக வந்த இந்த இயல்பே மூளை மருத்துவத்தில் நன்மையாக வந்து வாய்த்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

என் தமக்கை 1981ஆம் ஆண்டு, பொன்மலை இரயில்வே குடியிருப்பில், ஒரு காலைப் பொழுதில் மாவரைத்துக்கொண்டிருந்தவர், "தலையில் இடி விழுந்தாற்போல இருக்கிறதே!" என்று சொல்லி அப்படியே சாய்ந்தார். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காற்றுக் கறுப்பு என்றார் ஒருவர், இரத்தக் கொதிப்பு என்றார் மற்றொருவர். எங்கள் தந்தையார் பணிமனையில் கொதிகலன் பகுதியில் வேலை பார்த்தவர். கொதிகலக் குழாயில் ஓரிடம் புடைத்துவிட்டால் அதை ஒரு நாளும் நம்பலாகாது என்பார். தம் மகளுக்கு நேர்ந்தது அதுவேதான் என்பதை அவர் அறியாமலே மறைந்தார்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் சுவர், கிளை பிரியும் இடத்தில் நலிந்து, குமிழிபோலப் புடைப்பதுண்டு. இதனை அனியூரிசம் என்பர். பலருக்கு இது வாழ்நாள் முழுவதும் அறியப்படாமலே இருந்துவிடும். வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

உயிரோடிருப்பவரின் மூளைக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையை 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் கண்டறிந்தார். பத்தாண்டுக்குப் பின், 1937இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளியாலான சிறு கவ்வியை இட்டு அதை மூடினார். நம் நாட்டில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். இந்நோய் நம்மவர்க்கு அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. வீட்டிலேயே இறந்தவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? எங்கள் வீட்டுக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மண்டையைத் திறவாமல், குழாயின் உட்புறமாகவே சென்று புடைப்பை அடைக்கலாம் என்பது அடுத்த எண்ணம். மாஸ்கோவில் செர்பினென்கோ சிறு பலூன்களைக் கொண்டு அதைச் செய்தார். 1990இல் இத்தாலியரான குல்யெல்மி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்புக்குள் செலுத்தி, மெல்லிய மின்சாரத்தால் அதைக் கழற்றிவிடும் முறையை நோயாளிகளிடம் கையாண்டார். பெரிய வெற்றிதான். ஆயினும், வாய் குறுகிய பானையில் இட்ட பொருள் தங்கும். வாயகன்ற தட்டில் இட்டது தங்குமா? கழுத்தகன்ற பெரும்புடைப்புகள் சுருளுக்கு எளிதில் வசப்படவில்லை.

அப்போதுதான் சிலர் கேள்வியையே மாற்றிக் கேட்டனர். புடைப்பை விட்டுவிட்டுக் குழாயைச் சீராக்கினால் என்ன? நுண்கம்பிகளால் நெருக்கமாகப் பின்னிய வலைக்குழல் ஒன்றைப் புடைப்பின் வாயைக் கடந்து குழாயினுள் பொருத்தினர். ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்ட் என்னும் இதனை ஓட்டந் திருப்பி என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவில் 2011இல் ஒப்புதல் பெற்ற பைப்லைன் என்னும் வகையில், தலைமயிரினும் மெல்லிய 48 கம்பிகள் உண்டு. வலை சுவரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே மறைக்கிறது, எஞ்சியவை கண்கள். அக்கண்களின் வழியே இரத்தம் புடைப்புக்குள் புகலாம். ஆனால் வேகம் இழந்துவிடும். வேகமிழந்த இரத்தம் உறையும். காலப்போக்கில் வலையின்மேல் புதிய உட்சுவர் படரும். அப்படியானால் வலை கடந்து செல்லும் கிளைக் குழாய்களும் தூர்ந்துவிடாவோ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கிளைக்கு மறுமுனையில் வடிகால் உண்டு. ஆதலின் அது பெரும்பாலும் இரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புடைப்புக்குப் போக்கிடம் இல்லை. வயலுக்குப் பாயும் வாய்க்காலும் முட்டுச்சந்தான குட்டையும் ஒன்றாகுமா?

2017ஆம் ஆண்டு என் தங்கைக்கு இடக்கண் இமை தாழ்ந்து, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாயின. படம் எடுத்ததில், கண்ணின் பின்புறமாகச் செல்லும் பெருங்குழாயில் கழுத்தகன்ற புடைப்பு ஒன்று இருந்தது. ஓட்டந் திருப்பியே தக்கது என்று முடிவு செய்தனர். இரத்தம் வலையில் உறைந்து குழாயையே அடைத்துவிடாதிருக்க, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் முன்னதாகவே கொடுத்தார்கள்.

வலைக்குழலைத் தொடைக் குழாய் வழியே கொண்டுசென்று விரிப்பதில்தான் கைத்திறன் எல்லாம் அடங்கியிருக்கிறது. உங்கள் காலணியின் உருண்டைக் கயிற்றை எடுத்து இருமுனையையும் பற்றி இழுங்கள், நீண்டு மெலியும். உள்நோக்கித் தள்ளுங்கள், குறுகிப் பருக்கும். ஓட்டந் திருப்பியும் அத்தகையதே. நுண்குழாய்க்குள் மெலிந்து நீண்டிருப்பது வெளிவருங்கால் பருத்துக் குறுகும். எவ்வளவு குறுகும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். கணக்குப் பிழைத்தால் புடைப்பின் வாய் முழுவதும் மூடப்படாது. அப்போது இன்னொரு வலையை முதல் வலைக்குள் ஒரு பகுதி செருகி நீட்ட நேரும். வளைவான இடத்தில் அது முறுக்கிக்கொண்டு நடுவில் இடுப்புபோல ஒடுங்கி நிற்பதும் உண்டு. சுவரோடு ஒட்டாமல் நின்றால் அந்த இடைவெளியில் இரத்தம் உறையும். வழுவி நகரவும் கூடும்.

என் தங்கைக்கு நேர்ந்தது இடை ஒடுக்கமே. நான் வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் என்று சொன்னது நான்கு மணி நேரமாயிற்று. பின்னர் மருத்துவர் திரையில் படத்தைக் காட்டி விளக்கினார்: "ஐயா, முனை நன்றாக விரிந்தது. வளைவில் விரியவில்லை. நுண்குழாயைச் சற்றே முன்தள்ளியும் பின்னிழுத்தும் பார்த்தோம், பயனில்லை. முழுவதும் விடுவதற்கு முன்பாகையால் மீண்டும் உறைக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி விரித்தோம். அப்போதும் ஓரிடம் ஒட்டவில்லை. உள்ளே சிறு பலூனை ஊதி ஒட்டவைத்தோம்." அதுவும் பலிக்காதிருந்தால் என்று கேட்டேன். "வெளியே எடுத்துவிட்டு வேறொரு நாள் பார்த்திருப்போம்," என்றார். சாதித்தேன் என்று சொல்வதைவிட, கைவிட்டிருப்பேன் என்று தயங்காமல் சொன்ன அந்தச் சொல்லில்தான் எனக்கு அவரிடம் மதிப்பு மிகுந்தது.

முக்கொம்பிலும் இத்தகைய திருத்தம் நேர்ந்ததுண்டு. மேலணைக்குப் பின் காவிரிப் பக்கம் நீர் அளவு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்கவே, சில ஆண்டுகளுக்குள் அதன் தலைப்பிலும் ஒரு தடுப்பை அமைக்க வேண்டியதாயிற்று.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் இக்கருவி ஏழு, எட்டு இலட்சம் ரூபாய் வரை ஆயிற்று. நாங்கள் ஒரு மனைக்கட்டை விற்றோம். விற்க மனையில்லாதவர் என்ன செய்வார்? 2020ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் ஓர் ஓட்டந் திருப்பியை இங்கேயே உருவாக்கி, அதன் தொழில்நுட்பத்தைப் புனே நகரத் தொழிற்கூடம் ஒன்றுக்கு அளித்தனர். அதற்கான கலவை பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்திலிருந்து பெறப்பட்டது. இந்நாட்டின் இதய வால்வை முன்னர்ச் செய்தளித்ததும் அதே நிறுவனமே.

ஆறு திங்களுக்குப் பின் எடுத்த படத்தில் புடைப்பு தெரியவில்லை. குழாய் மட்டும் சீராக வளைந்து சென்றது. இமையும் உயர்ந்துவிட்டது. எங்கள் தமக்கையைப் பறித்ததும் இதுவாகவே இருக்கக்கூடும் என்று மருத்துவர் அப்போதுதான் சொன்னார். ஒரு குடும்பத்தில் இருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரையும் சோதிப்பது வழக்கமாம். எனக்கும் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. தங்கை அந்த இரண்டு படங்களையும் வாங்கி, தமக்கையின் புகைப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.